கொழுந்துத் தராசில் நான்கு கதிரைகள்

என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் விறகுக் கொட்டிலில் ஒரு கொழுந்துத் தராசு தொங்குகிறது. வட்ட முகம், ஒற்றை முள், கீழே ஒரு கொக்கி. பச்சைத் தேயிலைக் கொழுந்துச் சாக்கை அந்தக் கொக்கியில் மாட்டித்தான் நிறுப்பார்கள். தோட்டத்துக்குப் புதுத் தராசு வந்தபோது இதை ஒதுக்கிப் போட்டார்கள். நான் கேட்டு வாங்கி வந்தேன். அதே தராசில் ஒருவர் திருத்திக் கொடுத்த கதிரைகளை நிறுத்து, அவரைத் திருடன் என்று மனதுக்குள் தீர்ப்புச் சொல்லி, அவருக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்தேன். எழுபத்தாறு வயதில் செய்த காரியம். அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஹட்டனில் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். ஆங்கிலமும் கணக்கும் வந்ததால் தோட்டத்தில் உத்தியோகம் கிடைத்தது. முதல் பதினொரு வருடம் கணக்கப்பிள்ளை. பெண்கள் மலையிலிருந்து கொண்டுவரும் கொழுந்தை மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், நிறுத்து எழுதுவது என் வேலை. பிறகு ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, மாற்றினார்கள். அங்கே டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது அக்கரப்பத்தனைப் பக்கம் சிறிய வீடு. மனைவி இல்லை. ஒரே மகள் வெளிநாட்டில்.

கதிரைகள் தோட்டத்து உத்தியோகத்தர் கிளப்பில் கிடந்தவை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் காலத்தில் வந்தவை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தாள் போல மெல்லிய மரத் தகடுகளைப் பசை தடவி அடுக்கி, அச்சில் வைத்து அழுத்திச் செய்தவை. முதுகும் இருக்கையும் ஒரே பலகையாக வளைந்து இறங்கும். கீழே மெல்லிய இரும்புக் கால்கள். கிளப்பை மூடியபோது ஆறு இருந்தன. இரண்டை யாரோ தூக்கிப் போனார்கள், நாலை நான் தூக்கி வந்தேன். அதற்கு முன்பே அவற்றின் அழகு போய்விட்டது. தோட்டத்துப் பச்சைப் பெயின்ட், அதன் மேல் பிரவுன், அதன் மேல் மறுபடி பச்சை என்று வருடா வருடம் பூசியிருந்தார்கள். வெடித்த இடத்தில் ஸ்டோர் கொல்லன் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருந்தான். பல வருடம் என் கொட்டிலில் பனியைக் குடித்துக் கிடந்ததில், ஓரங்களில் தகடுகள் நனைந்த புத்தகம் போல விரிந்துவிட்டன.

ஒருநாள் மகள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு கதிரை மேல் அரிசி மூட்டை இருந்தது.

“அப்பா, அந்த மூட்டைய எறக்குங்க. கதிரைய இப்பிடித் திருப்புங்க.”

திருப்பினேன்.

“ஐயோ அப்பா, இங்க இந்த மாதிரிக் கதிரைய மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க. யாருக்கும் குடுத்துடாதீங்க. நல்ல ஆளாப் பாத்து செஞ்சு எடுங்க.”

அன்றோடு என் நிம்மதி போனது. அதுவரை யாரும் திருட நினைக்காத பொருள்களோடு வாழ்ந்தவன் நான். கதிரைகளைக் கொட்டிலிலிருந்து எடுத்து என் படுக்கையறையில் அடுக்கினேன். மின்சார மீட்டர் பார்க்க வந்த பையன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததாகத் தோன்றியது. பக்கத்து வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அந்தக் கதிரைகளைத்தான் இரவல் வாங்குவார்கள். பேத்தி சடங்குக்கு என்று கேட்டு வந்தபோது, “கால் ஒடிஞ்சு போச்சு” என்றேன். “நாலுமாங்க?” என்று அந்த அம்மா கேட்டாள். “நாலும்” என்றேன்.

திருத்துகிறவரைத் தலவாக்கலையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கார முஸ்லிம் நானா காட்டினார். “பின்னுக்கு ஒரு ஆள் இருக்கார் சேர். கட்டார்ல பன்னெண்டு வருசம் பர்னிச்சர் பெக்டரில இருந்தவர். வாயில பேச்சில்ல, கையில வேலை இருக்கு. பேச்செல்லாம் பொஞ்சாதிக்குக் குடுத்திட்டார்.”

கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. ஐம்பது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். மாதிரிக்குக் கொண்டுபோன ஒரு கதிரையை வாங்கி, கவிழ்த்து, விரல் முட்டியால் ஓரம் முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். சில இடத்தில் கெட்டியான சத்தம், சில இடத்தில் பொள்ளலான சத்தம். பொள்ளலான இடத்திலெல்லாம் சோக்கால் வட்டம் போட்டார். கதிரை முழுக்க வட்டமாக இருந்தது.

“ஈரம் குடிச்சிருக்குங்க ஐயா. பெயின்ட்ட சுரண்டிட்டு ரெண்டு மூணு கிழமை காய வைக்கணும். காயாம பசை போட்டா நிக்காது. ஐயாவுக்கு நான் சொல்லியா தெரியணும், கொழுந்து வாட்டுற மாதிரிதான்.”

இந்த வார்த்தையை அவர் முதல் நாளே சொன்னார் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மூலையில் உட்கார்ந்து, சீவிய மரத் தகடுகளை ஒன்றோடொன்று இணைத்து மேலே தாள் நாடா ஒட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். அவர் மனைவி.

“ஐயாவுக்கு என்னையத் தெரியல போல.”

தெரியவில்லை என்றேன். அவள் தன் தோட்டத்தைச் சொன்னாள். நான் கணக்கப்பிள்ளையாக இருந்த தோட்டம்.

“எங்க அம்மா ஒங்க மலையிலதான் கொழுந்து எடுத்தாங்க. மழை நாள்ல நானும் சாக்கு புடிச்சிக்கிட்டு மடுவத்துல நிப்பேன். ஐயா சாக்கப் பாத்த ஒடனே சொல்லிடுவீங்க, ‘மூணு கிலோ தண்ணி’ன்னு. எங்க அம்மா சொல்லுவாங்க, அந்த ஐயாவுக்குக் கண்ணுலேயே தராசு இருக்குன்னு.”

“சும்மா இரு புள்ள,” என்றார் அவர்.

“நான் என்ன திட்டவா செய்றேன்? பெருமையாத்தானே சொல்றேன்.” சிரித்தாள். எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

மழை நாளில் கொழுந்தில் நீர் இருக்கும். அதைக் கழித்துத்தான் நிறையை எழுத வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். எவ்வளவு நீர் என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. கணக்கப்பிள்ளை சொல்வதுதான் நீர்.

அவருக்கு என்னிடம் ஒரு தேவை இருந்தது. அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நுவரெலியா போகிற வழியில் ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருந்தார்கள். அங்கே இதே மாதிரி வளைந்த கதிரைகள் நாற்பதுக்கு மேல் கெட்டுக் கிடந்தன. திருத்தும் வேலையைக் கேட்டிருந்தார். மேனேஜர், முதலில் ஏதாவது செய்து காட்டு என்றிருந்தார்.

“ஐயாவோட கதிரைய முடிச்சு அவருக்குக் காட்டலாமுங்களா? ஐயாவ அவருக்குப் பழக்கம்னு சொன்னாங்க. ஐயா ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு.”

மேனேஜர் என்னோடு ஸ்டோரில் வேலை செய்த நண்பரின் மகன். என்னை அங்கிள் என்று கூப்பிடுபவன்.

“அது கெடைச்சா ரெண்டு வருசத்துக்கு வேலைங்க. இல்லாட்டி திரும்பக் கட்டார் போகணும். அங்கேருந்து கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க.”

மனைவியின் சிரிப்பு நின்றிருந்தது. “எங்க ரெண்டு புள்ளையும் பொறந்தப்ப இவரு அங்கதான். இப்ப மூத்தவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. அதுக்காச்சும் நேர்ல நிக்கணும்ல.”

சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் சொன்ன கல்யாணம் என் மனதில் இல்லை. ‘கண்ணுலேயே தராசு’ என்றது மட்டும்தான் இருந்தது. இத்தனை வருடம் நினைவில் வைத்திருக்கிறாள் என்றால், சும்மா வைத்திருப்பாளா? என் பொருள் அவள் கைக்குள் போகப் போகிறது. மியூசியத்தில் வைக்கிற பொருள். கட்டாரில் வேலை செய்த ஆளுக்கு அதன் மதிப்புத் தெரியாமலா இருக்கும்?

கதிரைகளை அனுப்புவதற்கு முந்தின நாள், இரண்டு காரியம் செய்தேன். ஒவ்வொரு கதிரையின் அடியிலும் பெயின்ட் படாத மூலையில் என் பெயரின் முதலெழுத்தை ஊசியால் சிறிதாகக் கீறினேன். பிறகு நாலையும் கொட்டிலுக்குக் கொண்டுபோய், புதுக் கயிறு வாங்கி ஒன்றாகக் கட்டி, தராசுக் கொக்கியில் மாட்டினேன். முள் ஆடி ஆடி இருபத்தைந்தரை கிலோவில் நின்றது. ஆட்டோக்காரன் வந்து கதிரைகளை ஏற்றியபோது, நானும் தலவாக்கலை வரை கூடவே போனேன்.

அதன் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மூன்று முறை அங்கே போனேன். வேறு வேலையாக டவுனுக்கு வந்தேன் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

முதல் முறை, இரும்புக் கால்கள் கழற்றப்பட்டு, பெயின்ட் உரிந்த நாலு கூடுகளும் பல்பு எரியும் ஒரு மரப்பெட்டிக்குள் நின்றன. பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஸ்டோர் மாடியில் கொழுந்து வாடும்போது அடிக்கிற அதே இளஞ்சூடு. தெரிந்த சூடு. அதைக் கூட நான் யோசிக்கவில்லை. நாலா என்று எண்ணினேன்.

இரண்டாம் முறை, ஒரு கூடு பொலித்தீன் பைக்குள் இருந்தது. பையின் வாயில் ஒரு குழாய். குழாயின் மறு நுனியில் பழைய ஃபிரிஜ் மோட்டார். விரிந்த தகடுகளுக்குள் ஊசி வைத்துப் பசை ஏற்றி, மேலே புது மரத் தகட்டை, வெனீரை, பசை தடவிப் படிய வைத்து, பைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுக்கிறார். மோட்டார் ஓட ஓடப் பொலித்தீன் சுருங்கி, கதிரையின் ஒவ்வொரு வளைவிலும் தோல் போல ஒட்டிக்கொண்டது.

“மூச்ச இழுத்துருச்சு பாருங்க,” என்றாள் மனைவி. “இனி நாளைக்குத்தான் விடும். ஐயா அதுவரைக்கும் இருந்து பாக்குறீங்களா, வீட்டுக்குப் போறீங்களா?”

அவள் கேலி செய்தாளா, உபசாரத்துக்குக் கேட்டாளா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

மூன்றாம் முறைதான் அதைக் கண்டேன். நாலு கூடுகளும் மேசை மேல் வரிசையாக இருந்தன. அறையின் பின் கோடியில், ஈரச் சாக்குப் போர்த்தி, ஐந்தாவதாக ஒன்று. சாக்கு மூடியிருந்தாலும் முதுகின் வளைவு தெரிந்தது. அளவு, சாய்வு, எல்லாம் என் கதிரை.

“மொத்தம் எத்தனை கதிரை செய்றீங்க?” என்று கேட்டேன்.

“ஐயாவோடது நாலுதாங்க கையில இருக்கு.”

“அது?”

“அது காயணும்ங்க. இப்பத் தொறக்க ஏலாது.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்காமல் இருந்தால்தான் உண்மை பிடிபடும் என்பது என் புத்திசாலித்தனம். மடுவத்தில் பழகிய புத்தி அது. சாக்கின் அடியில் முற்றிய இலையை மறைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, முகத்தைப் பார்த்துக் கேட்காமல் கையை உள்ளே விடுவோம்.

ஆறாவது கிழமை கதிரைகள் வீட்டுக்கு வந்தன. அவரும் மனைவியுமாக ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். தேக்கு வெனீர் போட்டிருந்தார். மரத்தின் வரிகள் முதுகின் உச்சியில் தொடங்கி, வளைவில் எங்கும் அறுபடாமல் இருக்கையின் நுனிவரை ஓடின. நாலு கதிரையிலும் ஒரே மரத்தின் அடுத்தடுத்த தகடுகளைப் போட்டிருந்ததால், வரிசையாக வைத்தால் நாலும் கூடப் பிறந்தவை போல இருந்தன. ஓரத்தைத் தட்டிப் பார்த்தேன். எங்கும் கெட்டியான சத்தம்.

“கையில வழுக்குது,” என்றேன். அதுதான் நான் சொன்ன பாராட்டு.

கிளம்பும்போது அவர் ஒரு கோதுமை மாப் பையைக் கொடுத்தார். வாயைச் சணலால் கட்டியிருந்தது. “கழட்டின சாமானெல்லாம் இதுக்குள்ள இருக்குங்க ஐயா. பாத்துக்கங்க.”

குப்பையை எதற்குத் திருப்பிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். விறகுக் கொட்டிலில் ஒரு மூலையில் போட்டேன்.

அவர்கள் போனதும் கதிரைகளைக் கவிழ்த்தேன். என் கீறலைக் காணவில்லை. நாலிலும் இல்லை. அதே கயிறால் கட்டித் தராசில் மாட்டினேன். முள் இருபத்திரண்டில் நின்றது. இறக்கிவிட்டு மறுபடி மாட்டினேன். இருபத்திரண்டு. மூன்றரைக் கிலோவைக் காணோம்.

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது போல இருந்தது. சாக்குக்குள் கிடந்த ஐந்தாவது கதிரை. கட்டார் தொடர்பு. பழைய நல்ல மரத்தை எடுத்துக்கொண்டு, இலேசான மரத்தில் பார்வைக்கு அதே போல் செய்து கொடுத்திருக்கிறார். அவளுடைய சிரிப்பு. தாய்க்குக் கழித்ததை மகள் கழித்துக்கொண்டாள். நான் கோபப்படவில்லை. ஒருவகையில் திருப்தியாகக் கூட இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டதே என்ற திருப்தி.

அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேனா? இல்லை. ஹோட்டல் மேனேஜரே எனக்கு ஃபோன் எடுக்கும்வரை காத்திருந்தேன்.

“அங்கிள், ஒங்க கதிரைய அந்த ஆள் செஞ்சிருக்காராமே. எப்படி வந்திருக்கு? குடுக்கலாமா?”

“வேலை சுத்தம்,” என்றேன். “ஆனா, குடுத்ததுதான் திரும்பி வருதான்னு பாத்துக்கிடணும்.”

“ஓ,” என்றான். “அப்பிடியா விசயம்.”

“நான் ஒன்னும் சொல்லல. பாத்துக்க.”

இவ்வளவுதான். திருடன் என்ற சொல்லை நான் உபயோகிக்கவில்லை. படித்தவனுக்கு அது தேவைப்படுவதில்லை.

மூன்று கிழமை கழித்து, ஒரு ஞாயிறு காலை, அவரும் மனைவியும் வந்தார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உள்ளே கூப்பிட்டு பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார வைத்தேன். தேக்குக் கதிரைகள் நாலும் சுவரோரம் வரிசையாக இருந்தன. அவர் கண் ஒருமுறை அங்கே போய் வந்தது.

“ஐயா, ஓட்டலு வேலைய வெளியூர் ஆளுகளுக்குக் குடுத்துட்டாங்க,” என்றார். “ஏன்னு கேட்டா மேனேஜரு சிரிக்கிறாரு. ஐயாகிட்ட ஏதும் சொன்னாருங்களா?”

“இல்லையே.”

“என் வேலையில கொறை இருந்தா சொல்லிடுங்க. வேற எங்கயாச்சும் செய்யுறப்ப திருத்திக்கலாம்.”

“ஒரு கொறையும் இல்ல,” என்றேன்.

அவருடைய மனைவி வெற்றிலை துப்புவதற்காகப் பின்பக்கம் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள்.

“கொட்டில்ல தராசு தொங்குதுங்களே ஐயா.”

“அது பழசு.”

“தராசு பழசு. கயிறு புதுசா இருக்கே.” என்னையே பார்த்தாள். “கதிரைய நிறுத்தீங்களா?”

நான் வாழைப்பழச் சீப்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“எவ்வளவு கொறைஞ்சிச்சு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் மறுத்திருக்கலாம். ஆனால் மடுவத்தில் நிறை கேட்டால் உடனே சொல்லிப் பழகிய வாய். “மூணரை,” என்று வந்துவிட்டது.

“பாத்தீங்களா,” என்றாள் கணவரிடம். “அடியில கீறியிருக்காரு, நம்மள நம்பலன்னு அன்னைக்கே சொன்னேன்ல. பயந்த சுபாவம், வயசானவருன்னீங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலில் கேலி இல்லை. “மூணரை கிலோவுக்கு, பையையும் சேத்து நிறுத்தீங்களா ஐயா?”

“எந்தப் பை?” என்றேன். எந்தப் பை என்று எனக்குத் தெரியும்.

“அது சரி,” என்றாள்.

அவர் எழுந்தார். “வா புள்ள, போவோம்.” வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “பைய ஒருக்கா அவுத்துப் பாருங்கய்யா.”

அவர்கள் பாதையில் இறங்கி மறையும்வரை நின்றேன். பிறகு கொட்டிலுக்குப் போனேன். சணலைக் கத்தியால் அறுத்தேன். கொல்லன் முடுக்கிய இரும்புப் பட்டைகள், போல்ட்டுகள், துருவேறிய ஆணிகள். மூன்று நிறத்திலும் சுரண்டிய பெயின்ட் பொருக்குகள், பால்மா டின் ஒன்றில் மூடி போட்டு. உரித்த பழைய மரத் தகடுகள், நூலால் கட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் பத்திரிகைத் தாளில் மடித்த நாலு சிறிய பொட்டலங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பென்சிலால் எழுதியிருந்தது. பிரித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மரச் சில். ஒவ்வொரு சில்லிலும் என் பெயரின் முதலெழுத்து.

கெட்டுப்போன தகட்டை உரிக்கும்போது என் கீறலைப் பார்த்திருக்கிறார். அதை மட்டும் அலகுக் கத்தியால் அறுத்துத் தனியாக எடுத்து, எந்தக் கதிரைக்கு எது என்று இலக்கம் போட்டு, எனக்காக வைத்திருக்கிறார்.

பையைத் தராசில் மாட்டினேன். இரண்டு கிலோ.

மீதி ஒன்றரை. நாலு கதிரைக்கு ஒன்றரை. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆயுளில் பாதியை ஸ்டோரில் கழித்தவன். பச்சைக் கொழுந்து மாடியில் ஒரு நாள் வாடினால் எவ்வளவு நிறை போகும் என்று, கையால் பிசைந்து பார்த்தே சொல்லக்கூடியவன். வருடக்கணக்காகப் பனியில் ஊறிய மரத்தை மூன்று கிழமை சூட்டில் வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். அவர் அதைச் சொல்லவும் சொன்னார். நான் கேட்டுவிட்டுக் கதிரைகளை எண்ணினேன்.

தண்ணீர் என்று சொல்லி மற்றவர்களிடம் கழித்தபோது எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்: மழை பெய்யாத நாளிலும் கழித்திருக்கிறேன். மடுவத்தில் எழுதிய நிறை ஸ்டோருக்குப் போகும்போது குறைந்தால் துரை என்னைத்தான் கேட்பார். அந்தப் பயத்தில் ஒவ்வொரு சாக்கிலும் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வேன். அதனால் ஒருத்திக்கு அரைப்பேர் விழுந்தால், அதாவது அன்றைய உழைப்பில் பாதிதான் எழுதப்பட்டால், அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த சாக்கைக் கூப்பிடுவேன்.

மறுநாள் மேனேஜருக்கு ஃபோன் எடுத்தேன். நான் சொன்னது பிழை, அந்த மனிதர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றேன்.

“அங்கிள், அக்ரிமென்ட் எழுதி அவங்க வேலைய ஆரம்பிச்சாச்சு. நீங்கதானே சொன்னீங்க.” அவன் குரலில் எரிச்சல் இருந்தது. “இப்ப இல்லைங்கிறீங்க. நான் எதை நம்ப?”

அவன் கேட்டது நியாயம்.

உடனே தலவாக்கலைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பதினொரு நாள் வீட்டிலேயே இருந்தேன். மழை, முழங்கால் வலி, பஸ் வேலைநிறுத்தம் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். வேலைநிறுத்தம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

போனபோது அறை பாதி காலியாக இருந்தது. மனைவி மட்டும் இருந்தாள். உளிகளுக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“இருக்காருங்களா?”

“போன வியாழக்கிழமை கட்டாருக்கு ஏறிட்டாருங்க. விசா ரெடியாத்தானே இருந்துச்சு.”

உட்காரச் சொல்லவில்லை. நின்றேன். பின் கோடியில் அந்த ஐந்தாவது உருவம் இப்போது சாக்கு இல்லாமல் இருந்தது. கதிரை இல்லை. சாந்தும் சணலும் சேர்த்து வார்த்த வெள்ளை நிற அச்சு.

“அது ஒங்க கதிரை மேல வச்சு எடுத்த அச்சுங்க,” என்றாள், நான் பார்ப்பதைப் பார்த்து. “ஓட்டலு கதிரையும் அதே வளைவு. ஒடஞ்சு போனதெல்லாம் அதுல வச்சு அழுத்தலாம்னு, வேலை கெடைக்கிறதுக்கு முன்னுக்கே செஞ்சு வச்சாரு.”

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மேனேஜரிடம் பேசிய வாக்கியத்தை அப்படியே சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். அவள் கை நிற்கவில்லை. உளியைச் சுற்றி முடித்து, அடுத்ததை எடுத்தாள்.

“எங்க அம்மாவுக்கு மொத்தம் எவ்வளவு கழிச்சிருப்பீங்கன்னு ஞாபகம் இருக்குங்களா ஐயா?”

“இல்ல.”

“அவங்களுக்கு இருந்துச்சு. சாகுற வரைக்கும் மழை பேஞ்சா சொல்லுவாங்க.” உளியைக் கீழே வைத்தாள். “என்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவருகிட்டயே சொல்லுங்க.”

ஃபோனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டாள். சிக்னல் பிடிக்க வாசலுக்கு வந்தோம். நீண்ட நேரம் கழித்து அவர் முகம் வந்தது. பின்னால் இரண்டு தட்டுக் கட்டில், யாரோ ஒருவருடைய கால். மனைவி ஃபோனை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். ஹார்ட்வெயார் நானாவும் சாமான் வாங்க வந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. லைன் நடுவில் அறுந்தது. மறுபடி எடுத்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஐயா கீறல் போட்டதப் பாத்தப்பவே நெனைச்சேன், பின்னால தேடுவீங்கன்னு. அதான் எடுத்து வச்சேன்,” என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்திருக்கக் கூடாது. “கதிரைய வெயில்ல வைக்காதீங்க. அடுப்புக்கிட்டயும் வேணாம். மழைக் காலத்துல கொஞ்சம் நெறை கூடும். பயப்படாதீங்க,” என்றார்.

மனைவி ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அவர்களுடைய மூத்த மகள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. என்னைக் கூப்பிடவில்லை. ஹார்ட்வெயார் நானா போயிருந்தார். சாமான் வாங்கப் போனபோது விவரம் சொன்னார். தாலி கட்டும்போது தகப்பன் ஃபோனில் பார்த்தாராம். அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு, ஃபோனை அதன் முதுகில் சாய்த்து வைத்திருந்தார்களாம். வழுக்கி வழுக்கி விழுந்ததில், கடைசியில் ஒரு பெண் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாளாம்.